புலிட்சர் பரிசு: கொழும்பு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அண்மைய ஆண்டுகளில் புலிட்சர் பரிசுகள் பெரும்பாலும் மே மாதத்தில் அறிவிக்கப்படுகின்றன. அந்தச் செய்தி நமது பத்திரிகைகளில் வந்த மறுநாளே வெள்ளவத்தையில் நாங்கள் கூடும் வாசிப்பு வட்டத்திலும், செய்தி அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் நிருபர்களிடமும் ஏறக்குறைய ஒரே ஐயங்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தந்து, நான் உறுதியாக அறிந்த அளவில் விடை எழுதியிருக்கிறேன்.

புலிட்சர் பரிசு என்பது என்ன? அதை யார் வழங்குகிறார்கள்?

ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1917 முதல் ஆண்டுதோறும் வழங்கிவரும் பரிசு இது. ஊடகவியலுக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். புனைகதை, நாடகம், வரலாறு, வாழ்க்கை வரலாறு, தன்வரலாறு, கவிதை, பொதுவான அபுனைவு, இசை ஆகியவற்றுக்கும் இதே பரிசு வழங்கப்படுகிறது. எல்லாமாக இருபதுக்கும் மேற்பட்ட பிரிவுகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஊடகவியலைச் சார்ந்தவை.

பிரிவுகள் நிலையானவை அல்ல. ஒலிவழிச் செய்தியளிப்புக்கான பிரிவு 2020இல் சேர்ந்தது. தன்வரலாறு 2023இல்தான் தனிப் பிரிவானது. எனவே பழைய நூலொன்றில் கண்ட பிரிவுகளின் பட்டியலை இன்றைக்கும் பொருந்துவதாகக் கொள்ளக்கூடாது.

மஞ்சள் பத்திரிகை நடத்தியவர் பெயரிலா நேர்மையான பத்திரிகைத் தொழிலுக்குப் பரிசு கொடுக்கிறார்கள்?

கேள்வி நியாயமானது. ஜோசப் புலிட்சர் 1847இல் ஹங்கேரியில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் படையில் சேருவதற்காக 1864இல் அமெரிக்கா வந்தார். 1878இல் சென் லூயிஸ் நகரப் பத்திரிகையொன்றையும், 1883இல் 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையையும் விலைக்கு வாங்கினார். 1890களில் வில்லியம் ரன்டொல்ப் ஹேர்ஸ்ற்றின் பத்திரிகையோடு ஏற்பட்ட விற்பனைப் போட்டியில் இரு தரப்பும் செய்தியை ஊதிப் பெருப்பித்தன. 1898ஆம் ஆண்டின் ஸ்பானிய-அமெரிக்கப் போரையொட்டி அவை வெளியிட்டவை இன்றும் ஊடகவியல் மாணவருக்குத் தவிர்க்கவேண்டியவற்றின் உதாரணமாகக் காட்டப்படுகின்றன.

அதே 'வேர்ல்ட்' பத்திரிகைதான் 1887இல் நெல்லி பிளை என்ற இளம் பெண் நிருபரை நோயாளியைப் போல நடிக்கவைத்து மனநல விடுதிக்குள் அனுப்பி, அங்கே பெண்கள் நடத்தப்பட்ட விதத்தை வெளிக்கொணர்ந்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தவை. பார்வையை ஏறக்குறைய இழந்த நிலையில் புலிட்சர் 1904இல் எழுதிய உயிலின்படி, ஊடகவியல் கல்லூரி ஒன்றுக்கும் பரிசுகளுக்குமாகக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு 20 இலட்சம் டொலர் கிடைத்தது. அவர் 1911இல் இறந்தார். கல்லூரி 1912இல் தொடங்கியது. பிற்காலக் கொடை முற்காலப் பிழையைத் துடைத்துவிடாது என்பதே என் கருத்து. ஆயினும் பத்திரிகைத் தொழிலுக்கு முறையான கல்வி வேண்டும் என்று அக்காலத்தில் அவர் வற்புறுத்தியதை மறுக்க முடியாது.

இது நோபல் பரிசைப் போன்றதா?

இல்லை. இலக்கிய நோபல் ஓர் எழுத்தாளரின் முழுப் பணியையும் கருதி வழங்கப்படுவது. புலிட்சர், சிறப்புப் பாராட்டுகள் நீங்கலாக, குறிப்பிட்ட ஒரு படைப்புக்கோ ஓராண்டில் வெளிவந்த குறிப்பிட்ட செய்திப் பணிக்கோ வழங்கப்படுவது. டொனி மொரிசன் 1988இல் ஒரு நாவலுக்காகப் புலிட்சர் பெற்றார். 1993இல் அவருடைய எழுத்து முழுவதற்குமாக நோபல் பெற்றார். ஒருவரே பலமுறை பெறுவதும் இதனால்தான் இயல்பாகிறது. கவிஞர் றொபேட் ப்ரொஸ்ற் நான்கு முறை பெற்றிருக்கிறார்.

யார் தெரிவு செய்கிறார்கள்? எப்படி?

இரண்டு கட்டங்கள் உள்ளன. முதலில் ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய நடுவர் குழு, வந்த விண்ணப்பங்கள் அனைத்தையும் வாசித்து மூன்று படைப்புகளை முன்வைக்கும். அம்மூன்றில் எது முதலாவது என்று தரவரிசை இடுவது நடுவர்களின் வேலை அன்று. அடுத்து, மூத்த ஊடகவியலாளர்களும் எழுத்தாளர்களும் கல்விமான்களும் அடங்கிய புலிட்சர் சபை அவற்றைப் படித்து, பெரும்பான்மை வாக்கால் ஒன்றைத் தெரிவு செய்யும்.

சபைக்குப் பெரிய அதிகாரம் உண்டு. ஒரு பிரிவில் வந்த படைப்பை இன்னொரு பிரிவுக்கு மாற்றலாம். நடுவர்கள் தந்த மூன்றையும் விடுத்து வேறொன்றைத் தெரியலாம். எதற்கும் பரிசு இல்லை என்றும் தீர்மானிக்கலாம். இந்த அதிகாரத்தால் விளைந்த சர்ச்சைகளைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் 'புலிட்சருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்' என்று தன் நூலின் பின்னட்டையில் போட்டிருக்கிறார். அது எவ்வளவு பெரிய விஷயம்?

அவர் எதைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. விதிகளுக்குள் அடங்கும் படைப்பொன்றை அதன் ஆசிரியரோ பதிப்பகமோ வேறெவருமோ, 75 டொலர் கட்டணத்துடனும் உரிய படிவத்துடனும் அனுப்பலாம். அவ்வாறு அனுப்பப்பட்டது வெறும் விண்ணப்பமே. முந்தைய விடையில் கூறிய மூன்று படைப்புகளுக்குள் வந்தால் மட்டுமே அது இறுதிச் சுற்றுப் படைப்பாகும். அந்தப் பெயர்கள் 1980 முதல் வெற்றியாளரோடு சேர்த்துப் பகிரங்கமாக அறிவிக்கப்படுகின்றன. விண்ணப்பித்தவர்கள் தம்மைப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் என்று கூறிக்கொள்வதைப் பரிசு அலுவலகமே விரும்புவதில்லை.

நூல் வெளியீட்டு விழாக்களில் இத்தகைய அடைமொழி ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும்போது அரங்கில் எவரும் கேள்வி கேட்பதில்லை. மறுநாள் அது செய்தியாகவும் வந்துவிடுகிறது. செய்தி எழுதுபவர்கள் ஒரே ஒரு வேலையைச் செய்தால் போதும். பரிசின் இணையத்தளத்தில் அந்த ஆண்டையும் பிரிவையும் எடுத்துப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால் அந்த அடைமொழியை நீக்கிவிட்டு நூலைப் பற்றி எழுதலாம். நல்ல நூலுக்கு அதனால் எந்தக் குறையும் நேராது.

பரிசுத் தொகை எவ்வளவு?

15,000 டொலர். 2017இல் உயர்த்தப்படும்வரை 10,000 டொலராக இருந்தது. பொதுச்சேவைப் பிரிவுக்கு மட்டும் பணம் இல்லை. அது தங்கப் பதக்கம், தனியொருவருக்கன்றிச் செய்தி நிறுவனத்துக்கு வழங்கப்படுவது. ஊடகவியல் பரிசுகளில் மிக உயர்ந்ததாக மதிக்கப்படுவதும் பணமே இல்லாத அந்தப் பதக்கம்தான்.

சில வருடங்களில் நாவலுக்குப் பரிசே இல்லையாமே? தகுதியான நாவலே வரவில்லையா?

அப்படிப் பொருள் கொள்ள முடியாது. 2012இல் நடுவர்கள் மூன்று நூல்களைத் தந்தார்கள்; சபையில் எதற்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை; ஆகவே பரிசு இல்லை. 1974இல் நடந்தது இன்னும் வியப்பானது. நடுவர்கள் ஒருமனதாகத் தோமஸ் பிஞ்சனின் நாவலைப் பரிந்துரைத்தார்கள், சபை அதை ஏற்க மறுத்தது. 1941இல் ஹெமிங்வேயின் நாவலொன்றுக்குப் பரிசு நெருங்கி வந்தபோது, கொலம்பியாப் பல்கலைக்கழகத் தலைவர் நிக்கலஸ் மரே பட்லர் எதிர்த்ததால் அவ்வாண்டு நாவல் பிரிவே வெறுமையாக விடப்பட்டது.

பரிசை நிறுத்திவைக்கும் உரிமை ஒரு பரிசுக்கு வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். எல்லா வருடமும் எவருக்காவது கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் தரத்தைக் குறைக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் நூற்றுக்கணக்கான நாவல்களை வாசித்த நடுவர்களுக்கு 2012இல் காரணம் சொல்லப்படாமற் போனது அவர்களின் உழைப்பை மதிக்காத செயல் என்றே கருதுகிறேன்.

அமெரிக்கப் பிரஜை இல்லாத ஒருவர், கொழும்பில் இருந்தபடியே, இதைப் பெற முடியுமா?

ஊடகவியல் பிரிவுகளில் முடியும். அங்கே பார்க்கப்படுவது நிருபரின் கடவுச்சீட்டு அன்று. அவருடைய பணியை வெளியிட்ட நிறுவனம் தகுதியுடையதா என்பதே. ரொய்ட்டர்ஸ், அசோசியேட்டட் பிரஸ் போன்ற செய்தி முகவர் நிலையங்களுக்காகத் தத்தம் நாட்டில் இருந்தே வேலை செய்த பலர் பெற்றிருக்கிறார்கள். ரோஹிங்கியா மக்களின் இடப்பெயர்வைப் படமெடுத்த ரொய்ட்டர்ஸ் குழுவில் ஒருவராக டானிஷ் சித்திக்கி 2018இல் பெற்றார். 2021இல் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்ட அவருக்கு, இந்தியாவின் கொவிட் பேரழிவைக் காட்டிய படங்களுக்காக, சக படப்பிடிப்பாளர்களோடு சேர்த்து 2022இல் மீண்டும் வழங்கப்பட்டது.

2020இல் பரிசு பெற்ற டார் யாசின், முக்தார் கான், சன்னி ஆனந்த் ஆகிய மூவரின் பணியை நமது இளம் படப்பிடிப்பாளர்கள் அவசியம் பார்க்கவேண்டும். 2019 ஓகஸ்ற்றில் காஷ்மீரில் தொலைபேசியும் இணையமும் முற்றாகத் துண்டிக்கப்பட்டிருந்த நாட்களில் அவர்கள் கமராவைக் காய்கறிப் பைக்குள் மறைத்துக்கொண்டு வீதித் தடைகளைக் கடந்தார்கள். எடுத்த படங்களை அனுப்ப வழியில்லாததால் விமான நிலையத்துக்குச் சென்று, டெல்லிக்குப் புறப்படும் முன்பின் அறியாத பயணிகளிடம் கெஞ்சி, கோப்புகளைக் கொடுத்தனுப்பினார்கள்.

வீரகேசரியிலோ தினக்குரலிலோ வந்த என் கட்டுரைத் தொடரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பலாமா?

அனுப்பினாலும் ஏற்கப்படாது. தடை மொழியில் இல்லை, மேலே சொன்ன நிறுவனத் தகுதியில் இருக்கிறது. கொழும்பிலிருந்து வெளிவரும் எந்த மொழிப் பத்திரிகைக்கும் இதே நிலைதான். உலகம் முழுவதற்கும் பொதுவான பரிசு என்ற எண்ணத்தாலேயே இந்த ஏமாற்றம் வருகிறது. அடிப்படையில் இது அமெரிக்க ஊடகங்களுக்கும் அமெரிக்க இலக்கியத்துக்கும் உரிய பரிசு.

நாவல், கவிதைக்கும் அப்படியா?

நூல்களுக்கு விதி வேறு. நீண்டகாலம் பெரும்பாலான நூற்பிரிவுகளில் அமெரிக்கக் குடியுரிமை கட்டாயமாக இருந்தது. குடியேறிய எழுத்தாளர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்த பின்னர், 2025ஆம் ஆண்டுப் பரிசுகள் முதல் நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களும் அமெரிக்காவை நெடுங்கால வாழிடமாகக் கொண்டவர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். நூல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளிவந்ததாக இருக்கவேண்டும். கொழும்பில் வாழ்ந்து தமிழில் எழுதும் நாவலாசிரியருக்கு இந்த வாசல் இல்லை.

நம்மவர் யாராவது பெற்றிருக்கிறார்களா?

தெற்காசிய வம்சாவளியினர் பலர் பெற்றிருக்கிறார்கள். 1937இலேயே அறிவியல் செய்திகளுக்காகக் கோபிந்த் பிகாரி லால் பிறரோடு பகிர்ந்து பெற்றார். பின்னர் புனைகதைக்கு ஜும்பா லாஹிரி (2000), பொது அபுனைவுக்குச் சித்தார்த்த முகர்ஜி (2011), கவிதைக்கு விஜய் சேஷாத்ரி (2014) ஆகியோர் பெற்றனர். 2021இல் சர்வதேசச் செய்தியளிப்புக்காக மேகா ராஜகோபாலன், அலிசன் கில்லிங், கிறிஸ்ரோ புஷெக் ஆகியோர் பெற்றது தனியாகக் கவனிக்கத்தக்கது. சின்ஜியாங் பகுதியில் உய்குர் முஸ்லிம்கள் அடைத்துவைக்கப்பட்ட தடுப்பு முகாம்களை நேரில் பார்க்கச் சீனா இடந்தராத நிலையில், சீன இணைய வரைபடத்தில் எந்தெந்த இடங்கள் வெறுமையாக மறைக்கப்பட்டிருந்தன என்று தேடி, அதே இடங்களைச் செய்மதிப் படங்களோடு ஒப்பிட்டு முகாம்களைக் கண்டுபிடித்தார்கள். குழுவில் ஒரு கட்டடக்கலைஞரும் ஒரு நிரலாளரும் இருந்ததால்தான் அது முடிந்தது.

இலங்கை சார்ந்த சில பெயர்கள் தவறுதலாக இந்தப் பட்டியலில் சேர்க்கப்படுவதுண்டு. மைக்கல் ஒண்டாச்சி (1992), ஷெஹான் கருணாதிலக (2022) ஆகியோர் பெற்றது புக்கர் பரிசு. வி. வி. கணேசானந்தன் 2024இல் பெற்றது பிரித்தானியாவின் பெண்களுக்கான புனைகதைப் பரிசு. 2009 ஜனவரியில் கொல்லப்பட்ட லசந்த விக்ரமதுங்கவுக்கு அதே ஆண்டில் வழங்கப்பட்டது யுனெஸ்கோவின் ஊடக சுதந்திரப் பரிசு. ஒவ்வொன்றும் தன்னளவில் பெரிது. செய்தியில் சரியான பெயரால் குறிப்பிடுவதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

'புலிட்சர் நிதி' கிடைத்ததாக ஒரு நண்பர் சொன்னார். அவர் பொய் சொல்கிறாரா?

பெரும்பாலும் உண்மையே சொல்கிறார். புலிட்சர் நிலையம் என்று வாஷிங்டனில் 2006இல் தொடங்கப்பட்ட வேறொரு நிறுவனம் இருக்கிறது. அது செய்தித் தேடலுக்கான செலவுக்கு நிதி உதவுகிறது. பல நாட்டு ஊடகவியலாளர்களும் விண்ணப்பிக்கலாம். பெயர் ஒன்றானாலும் கொலம்பியாவின் பரிசோடு அதற்குத் தொடர்பில்லை. கொழும்பிலிருந்து செய்தித் தேடலில் ஈடுபடுபவருக்குப் பரிசைவிட இந்த நிதியே எட்டக்கூடியது என்பதால், குழப்பத்தை விலக்கி இதை அறிந்துவைத்திருப்பது பயன் தரும்.

பரிசு கொடுத்த பிறகு செய்தி பொய் என்று தெரிந்தால்?

1981இல் அது நடந்தது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஹெரோயினுக்கு அடிமையானதாக 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் ஜனற் குக் எழுதிய கட்டுரைக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. வாழ்க்கைக் குறிப்பில் அவர் கூறியிருந்த பட்டங்கள் பொய் என்று முதலில் தெரியவந்தது. தொடர்ந்து விசாரித்தபோது அப்படியொரு சிறுவனே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பத்திரிகை பரிசைத் திருப்பிக் கொடுத்தது.

மறுபுறம், 1932இல் சோவியத் ஒன்றியம் பற்றிய செய்திகளுக்காக வோல்ற்றர் டுரான்ரி பெற்ற பரிசு இன்றுவரை மீளப் பெறப்படவில்லை. உக்ரேனின் பெரும்பஞ்சத்தை மறைத்தவர் என்ற குற்றச்சாட்டு அவர்மீது இருக்கிறது. பரிசுக்குரிய கட்டுரைகளில் திட்டமிட்ட ஏமாற்று இருந்ததற்குத் தெளிவான சான்று இல்லை என்று 2003இல் சபை முடிவு செய்தது. படைப்புக்கே பரிசு என்ற நெறியை இங்கே சபை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியது. பசியால் இறந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு அந்த விளக்கம் போதாது என்பதே என் எண்ணம்.

வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டா?

உண்டு. 1926இல் சிங்கிளேயர் லூயிஸ் நாவலுக்கான பரிசை மறுத்தார். 1940இல் வில்லியம் சரோயன் நாடகத்துக்கான பரிசை ஏற்கவில்லை.

இசைப் பரிசை ஒரு ராப் பாடகருக்குக் கொடுத்தது உண்மையா?

உண்மை. 2018இல் கென்ட்ரிக் லமார் பெற்றார். 1965இல் ஜாஸ் மேதை டியூக் எலிங்டனுக்குச் சிறப்புப் பாராட்டு வழங்குமாறு நடுவர்கள் கேட்டபோது சபை மறுத்தது. நடுவர்களில் இருவர் பதவி விலகினார்கள். அவர் இறந்து கால் நூற்றாண்டு சென்ற பின் 1999இல்தான் அவருக்குச் சிறப்பு விருது வந்தது. ஜாஸ் இசைப் படைப்பு முதன்முதலாகப் பரிசு பெற்றது 1997இல், வின்ரன் மார்சலிஸ் மூலமாக.

அப்படியானால் இலங்கையில் தமிழில் எழுதும் எங்களுக்கு என்ன இருக்கிறது?

ஊடகவியலாளருக்கு, பத்திரிகை ஆசிரியர் சங்கம் ஏனைய ஊடக அமைப்புகளோடு சேர்ந்து 1999 முதல் நடத்திவரும் சிறந்த ஊடகவியலாளர்களுக்கான விருதுகள் இருக்கின்றன. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பணியும் ஏற்கப்படுகிறது. எழுத்தாளருக்கு, நாம் வழக்கமாகச் சாகித்திய மண்டலப் பரிசு என்று சொல்லும் அரச இலக்கிய விருதுகளும், வாழ்நாள் பணிக்கான சாகித்திய ரத்னாவும் இருக்கின்றன. ஒண்டாச்சி தமது புக்கர் தொகையைக் கொண்டு 1992இல் நிறுவிய கிரேஷன் பரிசு இலங்கையில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்குரியது. அச்சேறாத கையெழுத்துப் பிரதியையும் அது ஏற்கிறது. கிரேஷன் பரிசை நடத்தும் நம்பிக்கை நிதியமே தமிழிலிருந்தும் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்துக்குச் செய்யப்படும் மொழிபெயர்ப்புகளுக்கு எச். ஏ. ஐ. குணத்திலக பரிசையும் வழங்குகிறது.

பலர் அறியாத ஒன்று பொதுநலவாயச் சிறுகதைப் பரிசு. அதற்குத் தமிழிலேயே எழுதிய, முன்பு வெளிவராத சிறுகதையை அனுப்பலாம், கட்டணம் இல்லை. 2021இல் அதன் முதற்பரிசை இலங்கையரான கன்யா டி அல்மேதா பெற்றார்.

என் செய்தியை 'எமது நிருபர்' என்று போட்டுவிட்டார்கள். என் பெயரில் போட்டிக்கு அனுப்பலாமா?

மிக அதிகமாகக் கேட்கப்படுவதும் விடை சொல்லக் கடினமானதும் இதுவே. பெயரில்லாமல் எழுதும் வழக்கத்துக்கு நம்மிடையே பாரமான காரணம் உண்டு. 2006 ஜனவரியில் திருகோணமலையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கைக்குண்டு வெடித்து இறந்ததாகக் கூறப்பட்டது. துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைத் தெளிவாகக் காட்டிய படங்களை எடுத்து வெளிவரச் செய்தவர் ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அத்தகைய காலத்தில் பெயரை மறைத்தது ஆசிரியர்கள் தம் நிருபருக்கு அளித்த பாதுகாப்பு. ஆபத்து இல்லாத செய்தியிலும் அந்த வழக்கம் தொடரும்போது, இளம் நிருபரின் பணிக்கு அத்தாட்சியே இல்லாமற் போகிறது.

ஆகவே அனுப்ப முடியுமா என்றால், செய்தி உங்களுடையது என்று ஆசிரியர் எழுத்தில் உறுதிப்படுத்தினால் முயலலாம். அந்தந்தப் போட்டியின் விதியைப் பார்த்துக்கொள்ளவேண்டும். புலிட்சரிலும் தனிப்பெயர் குறிப்பிடாமல் ஆசிரியபீடம் முழுவதற்கும் பரிசு வழங்கும் வழக்கம் இருப்பதால், கூட்டுப் பணியாக அனுப்புவதிலும் குறைவில்லை. செய்தி வெளியான அன்றே பக்கத்தின் மேற்பகுதியிலுள்ள பத்திரிகைப் பெயரும் திகதியும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள்; கட்டம் கட்டி வெட்டிய துண்டில் திகதி இருக்காது. குறிப்பேட்டையும் ஒலிப்பதிவையும் அழிக்காதீர்கள். செய்திக்குப் பின் ஏதாவது மாறியிருந்தால், ஓர் அதிகாரி பதிலளித்திருந்தால், திருத்தம் வெளியிடப்பட்டிருந்தால், அதையும் அதே கோப்பில் சேருங்கள். ஆசிரியரின் கடிதத்தை அவர் அந்தக் கதிரையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அவர் வேறு பத்திரிகைக்குப் போன பிறகு, அந்தச் செய்தியை எழுதியவர் யார் என்று சொல்ல அலுவலகத்தில் எவரும் இருக்கமாட்டார்கள்.